காலையில் மட்டும் வலித்த கைகள்

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம், நம் பழைய ஷிப்டின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. புக்கிட் செலம்பாவிலிருந்து வேலைக்கு வந்த சரோஜா அக்கா நுரையீரல் தொற்றில் இறந்துவிட்டார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். 'எப்பவும் சிரிச்ச முகம்' என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். கடைசிப் பத்து வருடங்களில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்கு நானும் ஒரு காரணம் என்பதால் இதை எழுதுகிறேன்.

கையுறைத் தொழிற்சாலையில் நான் லைன் லீடர். அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். இயந்திரத்தில் ஓடிவரும் கை அச்சுகளிலிருந்து ரப்பர் கையுறைகளை உருவுவதில் அவர் வேகம் யாருக்கும் வராது. நாற்பது வயதில் இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. காலை ஏழு மணிக்கு விரல்களை மடக்க முடியாது. பத்து மணிக்கு மேல் மெல்ல இளகும்.

"அது எப்படிக்கா காலையில மட்டும் வலிக்குது? மத்தியானம் நல்லாத்தானே செய்றீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். உங்களில் சிலர் சிரித்தீர்கள்.

"எனக்கு என்னா தெரியும் தேவி? விடியக்காலையில கை எந்திரிக்க மாட்டேங்குது லா," என்றார்.

முடக்குவாதம் அப்படித்தான் வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு நிபுணரைப் பார்க்கும்படி கிளினிக்கில் கடிதம் கொடுத்தார்கள். அவர் இரண்டு முறை லீவு கேட்டார். ஆர்டர் நெருக்கடி என்று இரண்டு முறையும் மறுத்தேன். 'நடிக்கிறாங்க' என்று சூப்பர்வைசரிடம் சொன்னதும் நான்தான். பெட்டி அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு மூன்று வருடம் அடுக்கினார்.

கடைசியில் அலோர் ஸ்டாருக்குப் போய்வந்தவர் என்னிடம் ஒன்றே சொன்னார்: "எலும்ப அரிச்சிருச்சாம். ஆரம்பத்துலயே வந்திருந்தா மருந்து குடுத்து நிறுத்தியிருப்பாங்களாம். இனிமே வீக்கம் குறையுமாம், விரலு நிமிராதாம்."

வேலையை விட்ட நாளில் அவர் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடப் போனால் பேனா நழுவி நழுவி விழுந்தது. அழகான கையெழுத்து அவருக்கு. கோயில் திருவிழா நோட்டீசுகளை அவர்தான் எழுதுவார். அலுவலகப் பெண் மைப்பெட்டியை நகர்த்தினாள். "படிக்காத எங்கம்மா வச்சாங்க கைநாட்டு. படிச்ச நானும் வைக்கிறேன்," என்று கட்டைவிரலை அழுத்தினார்.

போன வருடம் அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவின் சட்டைப் பொத்தானை மகள் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அக்கா அழவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீ லேசா எந்திரிச்சுப் போயிடுவ. நான் நாளைக்குக் காலையிலயும் இந்தக் கையோடதான் எந்திரிக்கணும். மாட்டேன் தேவி." பிறகு மகளிடம், "இவளுக்குத் தேத்தண்ணி குடு," என்றார்.

குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதன் பிறகு போகவில்லை. போகத் துணிச்சல் இல்லை.

'போனவர் எல்லாவற்றையும் மறந்திருப்பார்' என்று நேற்று ஒரு தோழி ஆறுதல் சொன்னாள். வேண்டாம். அக்கா என்னை மன்னிக்கவில்லை. நன்றாக யோசித்து, தெளிவாக, என் முகத்தைப் பார்த்து 'மாட்டேன்' என்று சொன்னார். அவரிடமிருந்து எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.