வீட்டுக்குள் வராத கடிதம்

அக்காவின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் பெரியோர்களையும் சொந்தங்களையும், கடல் தாண்டி இந்த நினைவு மலரைத் தபாலில் பெறும் ஆஸ்டின் நண்பர்களையும் அவருடைய தங்கையாகிய நான் வணங்குகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். வார இதழ்களைப் படித்தும், நாலு பேர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டும் சேர்த்துக்கொண்டதுதான் என் தமிழ். "சித்தி, நீங்க பேசற மாதிரியே எழுதுங்க, நான் எடிட் பண்ண மாட்டேன்" என்று அக்காவின் மகள் சொன்ன தைரியத்தில் எழுத உட்கார்ந்தேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா புதுக்கோட்டையில் எங்கள் வீட்டின் மூத்த பெண்ணாகப் பிறந்தார். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். எதையும் மணி சேர்த்துத்தான் சொல்வார். "ஆறு பதினேழுக்குக் காப்பி குடிச்சேன், ஆறு இருபதுக்கு உங்க அம்மா சண்டையை ஆரம்பிச்சா" என்பார். அம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் பதினோரு வயதிலேயே அடுப்படி அக்காவின் கைக்கு வந்துவிட்டது. உலையை வைத்துவிட்டுப் பாடம் படித்து, எங்கள் குடும்பத்திலேயே பட்டம் வாங்கிய முதல் பெண்ணானார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. அத்தான் டெக்சாஸ் மாநில அரசின் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளர். அம்மாவுக்கு ஒரே கவலை. சித்தப்பாதான் தேற்றினார்: "ஆஸ்டின்னா அந்த மாநிலத்துக்கே தலைநகரம் மதினி. நம்ம மெட்ராஸ் மாதிரி. எந்நேரமும் ஜே ஜேன்னு ஜனம் இருக்கும்."

அக்காவின் முதல் கடிதத்தில் இருந்த வரி எனக்கு இன்னும் மனப்பாடம். "சித்தப்பாவிடம் சொல். வெயில் நம் ஊர் வெயில்தான். அதில் நடக்கிற ஆட்கள்தான் இல்லை."

காலை ஏழரைக்கு, இருந்த ஒரே காரை எடுத்துக்கொண்டு அத்தான் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். அதுவரை அந்த அபார்ட்மென்டில் அக்கா மட்டும். கடைக்குப் போக வேண்டுமென்றாலும் கார் வேண்டும். அக்காவுக்கு அப்போது ஓட்டத் தெரியாது. குரல் கேட்பதற்காகவே டிவியைப் போட்டு வைப்பாராம். தொலைபேசி மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்பாராம். "ராங் நம்பர்னு தெரிஞ்சாலும் ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தாண்டி வைப்பேன்" என்று பின்னாளில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஊரில் தமிழ்க் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை யார் வீட்டிலாவது கூடுவார்கள். அப்படிப் போன இடத்தில் ஓர் ஆன்ட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் நாம எல்லாம் ஃபர்னிச்சர்மா. சனிக்கிழமைதான் மனுஷங்க" என்றாராம். இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

அந்த நாட்களில் அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்தது நீல நிற ஏரோகிராம் ஒன்றுதான். இரண்டு வாரத்துக்கு ஒன்று போடுவேன். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எழுதி முடித்ததும், ஓரத்து மடிப்பில் அப்பா தன் கையால் இரண்டு வரி சேர்ப்பார். "மணி 4.10. மழை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்." இதற்கு மேல் அவருக்கு எழுத வராது.

அக்கா ஐந்து மாதம் முழுகாமல் இருந்தபோது அப்பா தவறிவிட்டார். காலையில் பணிமனைக்குப் புறப்பட்டவர், வாசலில் செருப்பை மாட்டும்போதே சாய்ந்தார்.

அக்காவுக்கு எப்படிச் சொல்வது என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கடிதம் எழுதுகிறவள் நான்தானே. சித்தப்பா முடிவாகச் சொன்னார்: "வேண்டாம். மாசமா இருக்கற பொண்ணு, மாமியா நாத்தின்னு பக்கத்துல ஒரு சனமில்லை. மாப்பிள்ளை ஆபீஸ் போனா இவ ஒத்தையில கிடந்து அழுவா. பிள்ளை பிறந்து தேறட்டும்." தபால் நிலையத்தில் டிரங்க் கால் பதிவு செய்து, அத்தானின் அலுவலகத்துக்கு மட்டும் பேசினார். அத்தானும் சரி என்றார். இங்கே பலருக்கும் இது தெரியும். உங்களில் சிலரே, "நல்ல முடிவு" என்று அன்று சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை முதல் உறவினர்களுக்குத் துக்கக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். கை வலிக்க வலிக்க எழுதினேன். கடைசியாக ஏரோகிராமை எடுத்து, அதே பேனாவால் அக்காவுக்கும் எழுதினேன். "நாங்கள் எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள். எழுதக் கூடாதாம்."

அதன் பிறகு ஏழு மாதம் அப்பாவை நான் கடிதத்தில் வாழ வைத்தேன். கத்தரிக்காய் முற்றல் என்று அம்மாவிடம் திட்டு வாங்கினார், மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார் என்று எழுதினேன். அக்காவும் ஒவ்வொரு பதிலிலும், "அப்பாவின் கண் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். மகள் பிறந்து மூன்று மாதம் ஆனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். அக்கா அழுதார், எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தார் என்று அத்தான் எங்களுக்கு எழுதினார். நல்லபடியாக முடிந்தது என்று சித்தப்பா பெருமூச்சு விட்டார்.

நான்கு ஆண்டு கழித்து அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அம்மாவால் முடியவில்லை. திருமணமாகி ஓராண்டே ஆகியிருந்த நான் போனேன். ஆறு மாதம் அக்காவோடு இருந்தேன். முதல் வாரமே எனக்கு அந்த வீட்டின் அமைதி காதை அடைத்தது. குழாயில் சொட்டுகிற தண்ணீரைக்கூட நின்று கேட்பேன்.

ஒரு நாள் பிற்பகலில் அலமாரியைத் துடைக்கும்போது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே என் கடிதங்கள் எல்லாம், வந்த வரிசை மாறாமல். மற்ற எதையும் நான் தேடவில்லை. அந்த முதல் பொய்க் கடிதத்தைத்தான் தேடினேன். அது மட்டும் இல்லை.

"அக்கா, இதுல ஒண்ணு குறையுதே" என்றேன்.

அக்கா கைக்குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கண்ணு மருந்து கடுதாசிதானே? அதை நான் வீட்டுக்குள்ளயே கொண்டு வரலை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அக்கா சொன்னார்: "நீ அதுல பிள்ளையார் சுழி போடலைடி."

துக்கக் கடிதத்துக்குத் தலையில் பிள்ளையார் சுழி போடுவதில்லை. அப்படி வந்த கடிதத்தை வீட்டுக்குள் எடுத்துப் போவதுமில்லை. வாசலிலேயே படித்துக் கிழித்துவிடுவது நம் வழக்கம். காலையிலிருந்து சுழி இல்லாமலே எழுதிப் பழகிய என் கை, அக்காவின் கடிதத்திலும் அதை விட்டுவிட்டது. எனக்கு அது தெரியவே இல்லை.

"கை மறந்திருக்கும்னு ரெண்டு வாரம் மனசைத் தேத்துனேன். அடுத்த கடுதாசியில கொழுக்கட்டை மாதிரி எப்பவும் போல இம்மாம் பெருசாப் போட்டிருந்தே பாரு, மறக்கற கை இல்லைன்னு அப்பத்தான் உறுதியாச்சு" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கலை?"

"உங்க அத்தான் எனக்காக முகத்தைச் சரி பண்ணிக்கிட்டு வீட்டுக்குள்ள வருவாரு. பாவமா இருக்கும். வயித்துப் பிள்ளைக்காக எல்லாரும் பாடுபடறாங்க, நாம கெடுக்க வேண்டாம்னு இருந்தேன்." கொஞ்ச நேரம் விசிறிவிட்டுச் சொன்னார்: "அதுவும் இல்லைடி. கேட்டிருந்தா நீ எழுதறதை நிறுத்தியிருப்பே. அப்பா கண்ணாடியைத் தேடினாரு, கத்தரிக்காய் வாங்கினாருன்னு வரும்ல. பொய்னு தெரியும். படிக்க நல்லா இருந்துச்சு."

"எங்கேக்கா அழுதே?"

"லாண்டரி ரூம்ல."

அபார்ட்மென்டுக்குப் பொதுவாக, காசு போட்டுத் துணி துவைக்கும் ஓர் அறை இருந்தது. தபால் பெட்டிகள் அதன் வாசலில். கடிதத்தை வீட்டுக்குக் கொண்டு போக மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். மறுநாளிலிருந்து அழுக்கே இல்லாத துணியையும் எடுத்துக்கொண்டு போவாராம். "டிரையர் ஓடற சத்தத்துல யாருக்கும் கேக்காது பாரு" என்றார்.

ஒருவருக்குக் கேட்டிருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஒரு மெக்சிகோ நாட்டு அம்மா. வயதானவர். அவருக்கு ஆங்கிலம் வராது. அக்காவுக்கு அவர் மொழி தெரியாது. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா தமிழிலேயே எல்லாவற்றையும் சொன்னாராம். அப்பா மணி பார்ப்பது, ஓரத்து மடிப்பில் எழுதும் இரண்டு வரி, கண் மருந்து, எல்லாம். அந்த அம்மா தன் மொழியில் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே அக்காவின் துணிகளை மடித்துக் கொடுத்தாராம். ஏழு மாதமும் வாரத்துக்கு இரண்டு நாள் இப்படியே. "என்ன சொன்னாங்கன்னு தெரியாது. ஆனா நடுவுல பேசி நிறுத்தாம கேட்டாங்க" என்றார் அக்கா. நான் அந்த அம்மாவைப் பார்க்க ஆசைப்பட்டேன். அதற்குள் அவர்கள் வீடு மாறிப் போயிருந்தார்கள்.

அன்று நான் அக்காவின் மடியில் தலை வைத்து அழுதேன். "அட, பிள்ளை முழிச்சுக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா கார் ஓட்டக் கற்றார். பள்ளிக்கூட நூலகத்தில் இருபது ஆண்டுக்கும் மேலாக வேலை பார்த்தார். கல்யாணமாகி ஊருக்குப் புதிதாக வந்த பெண்களை ஏற்றிக்கொண்டு, பருப்பும் புளியும் வாங்க மூன்று மணி நேரம் ஓட்டி ஹூஸ்டனுக்குப் போவார். இதெல்லாம் ஆஸ்டின் நண்பர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். யார் வீட்டுக்காவது ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், கணவன்மார் முதலில் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். "ஆன்ட்டி, இப்போதைக்கு அவகிட்ட சொல்ல வேண்டாம்னு பாக்கறோம்" என்பார்கள். "நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்பா. இன்னிக்கே" என்று ரசம் சாதத்தோடு போய் நிற்பார். செய்தியைச் சொல்லிவிட்டு, சோபாவில் கிடக்கும் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே எத்தனை மணி நேரமானாலும் உட்கார்ந்திருப்பார்.

கடைசி ஆறு மாதம் நோய் அக்காவைப் படுக்கையில் போட்டது. என் முழங்கால் இப்போது அம்மாவின் முழங்கால். விமானம் ஏற மருத்துவர் விடவில்லை. தினமும் தொலைபேசியில் பேசினோம். வலியை என்னிடம் மறைக்கவில்லை. "இன்னிக்கு ரொம்ப வலிடி" என்பார், உடனே "நீ என்ன சமைச்சே?" என்பார்.

போன ஆண்டு இதே திதியில், நான் காப்பிக்குப் பால் வைத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. அக்காவின் மகள்.

"சித்தி, அம்மா போய்ட்டாங்க. ஃபைவ் மினிட்ஸ் ஆச்சு. ஆறு நாற்பத்திரண்டுக்கு. டைம் சொல்லணும்னு சொன்னாங்க. உங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட் கால் பண்ணணும்னும் சொன்னாங்க. தம்பிக்குக்கூட இன்னும் சொல்லலை."

அன்று வயிற்றில் இருந்த பிள்ளைதான் இவள். அவளுக்காகத்தான் அத்தனையும் மறைத்தோம். அவள் எனக்கு எதையும் மறைக்கவில்லை.

அவளுக்கு என் முதல் நன்றி. அக்காவின் தலைமாட்டை விட்டு நகராத அத்தானுக்கும், வாரத்தில் பாதி நாள் விமானத்தில் பறந்து வந்த மகனுக்கும், முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்த ஆஸ்டின் தோழிகளுக்கும், இங்கே பதினாறு நாளும் என்னைத் தனியாக விடாத உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் அக்காவுக்கும் தெரியாது. அந்தக் கடிதத்தைக் கடைசியில் என்ன செய்தாய் என்று அக்காவிடம் கேட்டேன். கிழிக்கவும் மனம் வரவில்லை, வீட்டுக்கும் கொண்டு போக முடியவில்லையாம். பல நாள் அதைத் தபால் பெட்டியிலேயே வைத்து, வந்து வந்து எடுத்துப் பார்ப்பதைக் கண்ட அந்த அம்மா, வாங்கி, நாலாக மடித்து, தன் பைக்குள் மாதா படத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாராம்.

அவர் இன்று உயிரோடு இருக்க வழியில்லை. அவர் பிள்ளைகள் யாராவது எங்கோ ஒரு வீட்டில் அந்தப் படத்தைக் கடிதத்தோடு வைத்திருக்கலாம். தமிழ் தெரியாத அந்த வீட்டில், எங்கள் அப்பா நலமாக இருக்கிறார்.