பிளக்குக்கு வைத்த பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் மெக்கானிக் ஆனேன். ஏழு மணிக்கெல்லாம் அந்தப் பதவி போய்விட்டது.

அன்றைக்கு என் மச்சினியின் குழந்தைக்குக் காதுகுத்து. மச்சினி கணவருக்கு வேலை கல்வராயன் மலையில், வெள்ளிமலையில். பத்து மணிக்கு நல்ல நேரம். கள்ளக்குறிச்சியிலிருந்து நான்தான் எல்லோரையும் காரில் மலையேற்ற வேண்டும் - மனைவி மலர், பதினோரு சீர்த்தட்டு, முக்கியமாக மச்சான் குமரேசன். குழந்தைக்கு ஒரே தாய்மாமன். அவன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த மாட்டார்களே!

என் காருக்கோ பன்னிரண்டு வயது. முந்தின வாரம் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு விக்கியது. மெக்கானிக், “ஸ்பார்க் பிளக் தேஞ்சிபோச்சி சார். திங்கக்கெழம வாங்க, மாத்திடலாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்குத் திங்கட்கிழமை மெக்கானிக் எதற்கு? நாலு பிளக்கும் ஒரு ஸ்பேனரும் நானே வாங்கினேன். பிளக் மாற்றுகிற வீடியோ ஒன்றை ஒன்பது முறை பார்த்தேன். பழசைக் கழற்று, புதுசைத் திருகு... இதில் என்ன இருக்கிறது?

கழற்றியும் விட்டேன். பழைய பிளக்குகளின் முனை தேய்ந்து, கரி பிடித்துக் கிடந்தது. புதுசை எடுக்கும்போது மலர் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வந்தாள்.

“புது சாமானுங்க... பொட்டு வெக்காமியா மாட்டுவீங்க? மலைக்கு வேற போறோம்.”

நியாயம்தானே? நம் பக்கம் குக்கரோ பம்ப்செட்டோ, பொட்டு வைத்த பிறகுதான் வேலைக்கு வரும். நானும் வைத்தேன். மேல் முனை ரப்பர் மூடிக்குள் போகும், பொட்டு அழிந்துவிடும் என்று யோசித்து - ஆமாம், யோசித்துத்தான் - கீழ் முனையில் தாராளமாக வைத்தேன். நாலையும் திருகி முடுக்கினேன்.

சாவியைத் திருப்பினால்... டுர்ர்ர். மறுபடியும் டுர்ர்ர். அவ்வளவுதான்.

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிற குமரேசன் எட்டிப் பார்த்தான்.

“இன்னா மாமா, நேத்து வரைக்கும் விக்கிக்கினு இருந்திச்சி. இன்னிக்கு மூச்சே காணோம்?”

“நீ கொஞ்சம் பாரு மச்சான்.”

“என்து டீசல் வண்டி மாமா. அதுல இந்த பிளக்கே கெடையாது!”

அந்த நேரம் பார்த்து மச்சினியின் போன். “அக்கா, கெளம்பிட்டீங்களா? அண்ணன் வரலன்னா காதுகுத்தே வேணாம்னு மாமியாரு சொல்லிக்கினு இருக்காங்க...” எனக்குத் தலை நிமிரவில்லை. ஒன்பது முறை வீடியோ பார்த்தவனால் ஒரு குழந்தையின் விசேஷம் நிற்கப்போகிறது.

மலர் போனை வைத்தாள். “ஒண்ண கழட்டுங்க, பாப்போம்.”

கழற்றிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏங்க, இதுல நெருப்பு எங்க வரும்?”

“இதோ, கீழ... இந்த ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் சந்து இருக்கில்ல, அங்கதான்...”

சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தேன். சந்து எங்கே இருக்கிறது? அது நிறைய சந்தனம். மேலே குங்குமம்.

குமரேசன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மலர் பழைய டூத் பிரஷ்ஷால் நாலையும் சுத்தம் செய்து நீட்டினாள். மாட்டினேன். ஒரே திருப்பு... கார் கிளம்பியது!

நினைத்துப் பார்த்தேன். தெரியாத வேலையில் நான் ரொம்பக் கவனமாகத்தான் இருந்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த வேலை, பொட்டு வைப்பது... அதில்தான் கோட்டை விட்டேன். உங்களுக்கும் அப்படித்தானா?

ஒரு வளைவில்கூட விக்காமல் ஒன்பதரைக்கு வெள்ளிமலை போய்ச் சேர்ந்தோம். மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்தது. ஆசாரி விரலால் சந்தனம் தொட்டு, காது மடலைப் பிடித்து, குத்த வேண்டிய இடத்தில் கடுகளவு ஒரு பொட்டு வைத்தார்.

மலர் என் பக்கம் சாய்ந்தாள்.

“நல்லா பாத்துக்கங்க. அவரு எடம் பாத்து வெக்கிறாரு.”