பஸ் நிலையத்தில் கல் சுமந்தவள்

சூடம் காட்டியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

அறுபதுகளின் நடுவில், செஞ்சி பஸ் நிலையத்தில் ஒரு சிலை வைக்க ஐந்து பேர் குழு சேர்ந்தோம். நாலு பேர் கடைத்தெரு ஆட்கள். ஐந்தாமவர் உயர்நிலைப் பள்ளி டிராயிங் மாஸ்டர். யோசனையும் அவருடையது, சிலை செய்யப்போகிற கையும் அவருடையது. எங்கள் நைனாவின் மணிலாக்கொட்டை மண்டி செல்வாக்கில் பர்மிட் சிமெண்டு வாங்கிவிடுவேன் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். யாரைச் சிலையாக வைப்பது என்று பேச்சு வந்தபோது நாங்கள் ராஜா, தலைவர் என்று அடுக்கிக்கொண்டே போனோம். மாஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "ராஜாவுக்கு மல மேல அவ்ளோ பெரிய கோட்ட இருக்குது. அதுக்குக் கல்லு சுமந்தவளுக்கு இன்னா இருக்குது?" கல் சுமந்தவளையே வைப்பது என்று அன்றே முடிவானது.

எங்கள் மண்டிக்கு வேர்க்கடலை உடைக்க வரும் சேரிப் பெண் ஒருத்தியின் முகத்தை அவர் தேர்ந்தெடுத்தார். அவளுக்கு என் அம்மா வயது. ஆனாலும் நான் அவளை "வா, போ" என்றுதான் கூப்பிடுவேன். அப்போது அது உறைக்கவே இல்லை. அவளுக்கு ஒரே பையன், மிலிட்டரியில் இருந்தான். அவன் கடிதங்களைப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை.

தலையில் கூடையோடு பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் பல நாள் நின்றாள். கூடைக்குள் வைக்கோல் இருந்தால் போதும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். அப்படி நின்றால் கழுத்து பொய்யாகத் தெரியும் என்று நிஜக் கல்லையே அள்ளிப் போட்டுக்கொண்டாளாம். அவள் படம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. சிலை முடிந்த அன்று மண்டிக்கு ஓடி வந்து பையனுக்கு எழுதச் சொன்னாள். "பஸ் ஸ்டாண்டுல என்னச் செலயா வெக்கிறாங்க. லீவுல வர்றப்ப, எறங்குனதும் மொதல்ல அத்தப் பாருன்னு எழுது சின்ன மொதலாளி." எழுதினேன். அவன் வந்து பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் அப்புறம் எப்போதும் அவளுக்குப் பேச்சு.

திறப்பு அன்று சிலையைச் சிவப்புத் துணியால் மூடியிருந்தோம். கடைக்குப் புதுத் தராசு வந்தாலும் எலுமிச்சம்பழம் நசுக்கிச் சூடம் காட்டுகிற கை என்னுடையது. சும்மா இருக்குமா? மாஸ்டர் வேண்டாம் என்று தலையாட்டினார். கண்ணேறு கழிக்கத்தானே என்று சொல்லிவிட்டு சிலையின் காலடியில் ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்தினேன்.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் வழக்கம்போல் நின்றன. இறங்கிய ஜனங்கள் கரிந்த பீடத்தையும், காய்ந்த எலுமிச்சம்பழத்தையும், திறப்பு அன்று விலக்கியதில் கழுத்திலேயே கிடந்த சிவப்புத் துணியையும் பார்த்தார்கள். தலையில் இருப்பது கரகம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். முதலில் ஒருத்தி குங்குமம் வைத்தாள். மூன்றாவது அமாவாசைக்குள் எங்கிருந்தோ ஒரு பூசாரி வந்து உட்கார்ந்தான். முகத்துக்கு மஞ்சள் அப்பி, வெள்ளிக் கண் ஒட்டி, கூடையைப் பூவால் மூடிவிட்டான். எண்ணெய் ஊற்றி ஊற்றிச் சிமெண்டு கறுத்துப்போனது. சுற்றிலும் கயிறு கட்டி, சேரி ஜனங்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றான். அவன் சொன்னதற்கு ஊரே தலையாட்டியது. கடைத்தெருவில் வியாபாரம் நன்றாக நடந்தது. எங்கள் நைனா தகரக் கூரை போட்டுக் கொடுத்தார்.

இது சாமி இல்லை, ஒரு கூலிக்காரப் பெண்ணின் சிலை என்று பஞ்சாயத்துக்கு எழுதி, மாஸ்டர் என் கையெழுத்தைக் கேட்டு வந்தார். பார்க்கலாம் சார் என்றேன். மறுவாரமும் வந்தார், அப்போதும் பார்க்கலாம் என்றேன். கோடை விடுமுறையோடு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார். சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. வந்திருந்தால் நான் எந்த முகத்தோடு நின்றிருப்பேன்?

அவள் மட்டும் நம்பிக்கை விடவில்லை. எத்தனை மஞ்சள் பூசினாலும் பெத்த அம்மா முகம் புள்ளைக்குத் தெரியாதா என்பாள்.

வடக்கே சண்டை முடிந்து பையன் லீவில் வந்தான். அன்று பஸ் நிலையத்தில் அவள் காலையிலிருந்தே கயிற்றுக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்றிருந்தாள். விழுப்புரம் லாரியில் மூட்டை ஏற்ற நானும் அங்கே இருந்தேன். அவன் டிரங்குப் பெட்டியோடு இறங்கியதும் அவள் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. சிலையை அவன் முதலில் பார்க்கட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றாள். அவன் நாலு பக்கமும் பார்த்தான். கூரைக்கு எதிரே வந்து செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டான். பிறகு திரும்பி, என்னை அடையாளம் கண்டு கிட்டே வந்தான்.

"இன்னாங்க சின்ன மொதலாளி, எங்கம்மா செலன்னு எழுதியிருந்தீங்களே. எங்க இருக்குது?"

பூசாரி நிமிர்ந்து பார்த்தான். சுற்றி நின்ற நாலைந்து கடைக்காரர்களும் பார்த்தார்கள். சிலைக்கு மேல் எங்கள் நைனாவின் தகரம். கை நீட்டிக் காட்டினால் போதும். எனக்குக் கை எழவில்லை.

"இன்னும் வெக்கல" என்றேன்.

அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். காதில் விழுந்திருந்தது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பாவி.

"ஆமாண்டா, இன்னும் வெக்கல. வா, ஊட்டுக்குப் போலாம்" என்று பையன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவன் எழுதிய கடிதங்களை அவள் என்னிடம் கொண்டு வரவில்லை.