பேனாவுக்குள் ஒரு சிவப்பு பல்பு

என் மேசை இழுப்பறையில் எழுதாத பேனா ஒன்று கிடக்கிறது. ரீஃபிலை உருவிவிட்டு, அந்தக் குழலுக்குள் மிளகளவு சிவப்பு பல்பு ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். பின்பக்கம் இரண்டு வயர், அவற்றின் முனையில் இரண்டு ஊசி. தாம்பரத்தில் கார்களுக்கு வயரிங் வேலை செய்த ஓர் எலக்ட்ரீஷியன், ரேடியோ கடையில் சாமான் வாங்கித் தானே செய்துகொண்டது. பின்னாளில் பெரிய கருவி வாங்கியபோது, "வச்சிக்க சார், உன் வண்டிக்குத்தான் மொத மொத எரிஞ்சுது" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் வாங்கிய கார் அது. கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் இருந்த புது வகை வண்டி. ஒரு மாலை பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேல் முன்சக்கரம் ஏறிய நொடியில் இன்ஜின் அணைந்தது. பின்சீட்டில் ஆறு வயது மகள். சாவியைத் திருப்பத் திருப்ப இன்ஜின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. கேட்காரர் பச்சைக் கொடியைச் சுருட்டிவிட்டுக் கத்தினார். எங்கிருந்தோ நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். "இன்னா சார், நிறுத்தறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே தோள் கொடுத்துத் தள்ளினார். நாங்கள் அந்தப்பக்கம் போய்ச் சேர்ந்து கேட் இறங்கிய பிறகுதான் ரயில் வந்தது. இடையில் நிறைய நேரம் இருந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். இருந்திருக்கலாம். நான் இன்றைக்கும் அதை நம்புவதில்லை.

அரைமணி நேரத்தில் வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. மறுநாள் ஒரு மெக்கானிக், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் சூட்டில் செத்துப்போகிறது என்று சொல்லிப் புதுக் காயில் போட்டார். இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கரணை அருகே, நான் தனியாக ஓட்டிப் போகும்போது மறுபடி நின்றது. காரணம் தெரியாமல் மகளை இனி அதில் ஏற்றுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அப்படித்தான் அந்த எலக்ட்ரீஷியனிடம் போய்ச் சேர்ந்தேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர்.

அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. எப்போது நிற்கிறது என்று மட்டும் கேட்டார். ஓடி ஓடிச் சூடான பிறகு என்றேன். வண்டியை வெயிலில் நிறுத்தி, ஏசியைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் மதியம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. வண்டி நிற்கக் கூடாதே என்று இத்தனை நாள் பயந்தவன், நிற்கமாட்டேன் என்கிறதே என்று பயந்தேன். பொறுமை போய், சந்தேகப்படுகிற எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்றேன்.

"மாத்திட்டு, கேட்டாண்ட போய் நின்னுச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றார். "சாவட்டும் சார். நம்ம கண்ணு முன்னால செத்தாத்தான் எதுன்னு சொல்லும்."

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு அது செத்தது. அவர் ஓடவில்லை, நடந்துதான் போனார். பிளக் வயரைக் கழற்றி பாடியில் தட்டிப் பொறி பார்க்கும் பழைய வழக்கம் அவரிடம் இல்லை. இந்த வண்டிகளில் அப்படிச் செய்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி போய்விடும் என்றார். தனியாக ஒரு பிளக்கை இன்ஜினோடு கிளிப் போட்டுக் கட்டி, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். நீலப் பொறி டிக்டிக்கென்று தெறித்தது. அப்படியானால் காயில் நன்றாக இருக்கிறது. பழையதும் நன்றாகத்தான் இருந்திருக்கும். அடுத்து ஓர் இன்ஜெக்டரின் வயர் சாக்கெட்டைக் கழற்றி, பேனாவின் ஊசிகளை அதில் செருகினார். மறுபடி திருப்பினேன். இன்ஜெக்டருக்கு மின்சாரம் விட்டுவிட்டு வருவதால் பல்பு துடிக்க வேண்டும். துடிக்கவில்லை. நாலு இன்ஜெக்டரிலும் இருட்டு. நாலுக்கும் சேர்த்து மின்சாரம் போகும் வயர் ஒன்று, அதற்கு இடையில் ஒரே ஓர் இணைப்பு. நான் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்க, அதை விரலால் அசைத்தார். பேனாவுக்குள் சிவப்பு படபடவென்று துடித்தது.

இணைப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"பூஜை போட்டியா சார்?"

போட்டிருந்தேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள், பழைய வண்டிக்கு வருடா வருடம் செய்ததைப் போலவே, பானெட்டைத் திறந்து ஹோஸ் பைப்பால் இன்ஜினைக் கழுவினேன். அழுக்கு எடுக்க அந்த இணைப்பையும் பிரித்துத் துடைத்து, மூடும்போது தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். பிறகு கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் சந்தனம், குங்குமம். பழைய வண்டி அதையெல்லாம் தாங்கியது. மகளைத் தண்டவாளத்தில் நிறுத்தியது காயில் அல்ல, நான்.

அவர் சிரித்தார். "பொட்டு வெளிய வை சார். உள்ள இருக்கறதுக்கு சாமி தெரியாது." பச்சையைச் சுரண்டி, இணைப்புக்குப் புது ஊசியும் புது ரப்பரும் போட்டுக் கொடுத்தார். வீட்டில் மனைவி கேட்டாள். மறுபடி காயில்தான் போயிருந்தது என்றேன். பன்னிரண்டு வருடம் அது காயிலாகவே இருந்தது.

அதே கார் இன்னும் ஓடுகிறது. காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் படிக்கும் மகள் இனி தானே ஓட்டிப்போவதாகச் சொல்லிவிட்டாள். நேற்று ஆயுத பூஜைக்காக வண்டி கழுவுகிறேன் என்று பானெட்டைத் தூக்கி, ஹோஸை உள்ளே திருப்பினாள். நான் ஓடிப்போய்க் குழாயை மூடினேன். கத்தியும் இருப்பேன்.

"என்னப்பா ஆச்சு உனக்கு?" என்றாள்.

இழுப்பறையிலிருந்து பேனாவை எடுத்துவந்து, அவளை வண்டியைக் கிளப்பச் சொன்னேன். ஓர் இன்ஜெக்டர் சாக்கெட்டில் அதைச் செருகினேன். மீதி மூன்றில் இன்ஜின் நொண்டி நொண்டி ஓட, குழலுக்குள் சிவப்பு துடித்தது. அவள் இறங்கிவந்து குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெருங்களத்தூர் கேட்டில் வண்டி நின்றதற்குக் காரணம் யார் என்று சொன்னேன். அந்த மாலை அவளுக்கு நினைவில்லை. யாரோ தள்ளும்போது சிரித்தது மட்டும் நினைவிருக்கிறதாம்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

இன்ஜினை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். பல்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.