மாம்பழ மஞ்சளுக்கு மெரூன் கரை

சேலை வாங்க வருகிறவர்களில் ஒரு வகை உண்டு. கடையில் இருக்கும் அத்தனையையும் புரட்டிப் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, முந்தியை நீவி, கடைசியில் "கரை கொஞ்சம் பெருசா இருந்தா எடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிற எனக்கு அவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர்களில் தலையாய ஒருவரை நான் வீட்டிலேயே வைத்திருக்கிறேன். என் அம்மா. அவரோடு உட்கார்ந்து, போன் திரையில், ஒரு சோடி சப்பாத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை எனக்குப் போன வருடம் வந்தது.

வேறு வழியில்லாமல்தான் வந்தது. அம்மாவுக்குச் சீனி வியாதி. அது மெதுமெதுவாகப் பாதங்களில் உணர்ச்சியைத் தின்றுவிட்டது. ரப்பர் செருப்பின் வார் உரசிப் பெருவிரலுக்குப் பக்கத்தில் புண்ணாகியிருக்கிறது, அவருக்குத் தெரியவேயில்லை. சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு தடத்தைக் கண்டு நான் கேட்டபோது, "தண்ணியா இருக்கும்" என்றார். தண்ணீர் இல்லை. மாதக்கணக்கில் கிளினிக்குக்கு அலைந்து மருந்து கட்டித்தான் அந்தப் புண் ஆறியது. டொக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னதை நான் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம், அதற்கு மேலும் போகலாம். செருப்பு வேண்டாம். வெறுங்கால் வேண்டவே வேண்டாம். வாசலைத் தாண்டினால் கால் முழுக்க மூடுகிற அகலமான சப்பாத்து போட வேண்டும்.

"சேலைக்குச் சப்பாத்தா?" என்றார் அம்மா. விரலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஹட்டனில் நாங்கள் ஏறி இறங்காத சப்பாத்துக் கடை இல்லை. அம்மா பென்ஷன் வாங்கும்வரை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சரிவில் பிடிமானம் தேடித் தேடி அந்தப் பாதங்கள் முன்பக்கம் நன்றாக அகன்றுவிட்டன. பெண்களுக்கான சப்பாத்து ஒன்றும் ஏறவில்லை. ஏறியவை ஆண்களுடையவை, அதுவும் கறுப்பு. கண்ணாடியில் பார்த்த அம்மா, "கங்காணி மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டார். கடைக்காரர் சிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

எங்கள் கடையில் கல்லாவில் இருக்கும் பெண்தான் அந்த இணையத்தளத்தைக் காட்டினாள். கொழும்பில் ஏதோ ஒரு கம்பனி. பாதத்தின் நீளம், அகலம் இரண்டையும் கொடுத்தால் அதற்கேற்றபடி செய்து அனுப்புவார்கள். திரையில் ஒரு வெள்ளைச் சப்பாத்து நிற்கும். விரலால் தள்ளினால் சுற்றும். ஒரு பகுதியைத் தொட்டு, ஒரு நிறத்தைத் தொட்டால், அந்தப் பகுதி அந்த நிறமாகிவிடும். எனக்கு வேண்டியது அகலம் மட்டுமே. நிறமெல்லாம் ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். துணிக்கடையில் இத்தனை காலம் இருந்தும் இப்படி நினைத்தேன் என்றால் என் புத்தியை என்ன சொல்வது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலில் அளவு எடுத்தோம். நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் அம்மாவை நிற்கச் சொன்னேன். "சாமி படம் இல்லாத மாசமா பாத்து எடுடி" என்றார். எடுத்தேன். அப்பா குந்தி உட்கார்ந்து பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார்.

"கல்யாணத்தன்னைக்கு மெட்டி போடப் புடிச்ச காலு. இப்பத்தான் மறுபடி புடிக்கிறேன்."

"புடிச்சதுதான் புடிச்சீங்க, கோட்ட நேரா இழுங்க" என்றார் அம்மா. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தோட்டத்து ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது வாசல் படியில்தான். அங்கே உட்கார்ந்து போனை விரித்ததும் பக்கத்துக் காம்பராச் சித்தியும் வந்து ஒட்டிக்கொண்டார். சப்பாத்து திரையில் சுற்றியது.

"திருப்பு, பின்னால பாப்போம்" என்றார் அம்மா. "சரி. மொதல்ல ஒடம்புக்கு என்னா கலர்னு பாப்போம். கரைய அப்பறம் பாத்துக்கலாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா சப்பாத்து செய்யவில்லை, சேலை எடுக்கிறார். மேல்பாகம் உடம்பு. அதைச் சுற்றி வரும் பட்டி கரை. குதிகால் முந்தி. லேஸுக்குக் கீழே எட்டிப் பார்க்கும் நாக்கு ரவிக்கைத் துணி. அதன்பிறகு எனக்குத் தப்ப வழி இருக்கவில்லை.

"மயில் நீலம் போட்டுப் பாரு. ம்ஹும், ஸ்கூல் புள்ளைங்க போடுற மாதிரி இருக்கு."

"பச்சை?"

"வேணாம். வாழ்நாளெல்லாம் பச்சையத்தானே பாத்தேன்."

"ரோஸ் எடுப்பா இருக்கும்க்கா" என்றார் சித்தி.

"ஒனக்கு எடுக்கல."

ஊதா வந்தது, போனது. அரக்கு வந்தது, போனது. எனக்குக் கை வலித்தது. "ஒண்ணுக்குச் சரின்னு சொல்லுங்கம்மா, இல்லாட்டி வெள்ளையாவே அனுப்பச் சொல்லிருவேன்" என்று கத்தினேன். அம்மா அசரவில்லை. கடைசியில் மாம்பழ மஞ்சளைத் தொட்டு, பட்டிக்கும் குதிகாலுக்கும் மெரூனைத் தொட்டேன். மூன்று பேரும் திரைமேல் குனிந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவு அழகாக இருந்தது. அப்படி ஒரு சேலை எங்கள் கடைக்கு வந்தால் தொங்கவிடுவதற்கு முன்பே விற்றுப்போகும்.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஆட்டோ மாதிரி இருக்கு" என்றார். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

அடிப்பாகம் மட்டும் மிச்சம். அம்மா வெள்ளை என்றார்.

"நம்ம ரோட்டுச் சேத்துல ஒரு நாள் தாங்காதும்மா. கறுப்பு போடுவோம்."

"மாப்பிள்ளைக்கு மேல கோட்டப் போட்டு, கீழ சாரத்தக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். வெள்ளதான்."

வெள்ளைதான் போட்டேன்.

லயம் வரைக்கும் பார்சல் வராது என்பதால் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தேன். வந்த அன்று ரயிலில் எங்கள் ஸ்டேஷனான வட்டகொடை வரைக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். அம்மா திறந்தார், முகர்ந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார். புதுத் துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் தடவித்தான் உடுத்துவோம். அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து இரண்டு குதிகாலிலும் ஒரு பொட்டு வைத்தார். "சூடம் காட்டலையா?" என்றார் அப்பா. அம்மா லேஸைக் கட்டச் சொல்லிவிட்டு எழுந்து, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து பார்த்தது. வலிக்கவில்லையா, இறுக்கவில்லையா என்று நான்தான் விரலை விட்டு விட்டுப் பார்த்தேன். அவர் நடந்த நடையைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன்பிறகு பல வாரங்கள் நான் நிம்மதியாக இருந்தேன். ஒவ்வொரு தடவை வெளியே போகும்போதும் அம்மா சப்பாத்தோடுதான் படி இறங்கினார். வீட்டுக்கு வரும்போதும் சப்பாத்தோடுதான் வந்தார். வெள்ளை அடி வெள்ளையாகவே இருந்தது. "பார்த்தாயா, என்ன தரம்!" என்று கல்லாப் பெண்ணிடம் பீற்றிக்கொண்டேன். சேறு படாமல் ஒரு மனுஷி எங்கள் ரோட்டில் நடக்க முடியுமா என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஒருநாள் முதலாளி வீட்டில் ஏதோ விசேஷம் என்று கடையை மத்தியானமே மூடினார்கள். முந்திய ரயிலில் வந்து வட்டகொடையில் இறங்கினேன். மேடையில் கிடந்த வாங்குப் பலகையில் ஒரு அம்மா உட்கார்ந்து, சேறு படிந்த வெறுங்காலைக் கடதாசியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சொப்பிங் பேக். அதற்குள்ளிருந்து மாம்பழ மஞ்சள் வெளியே வந்தது.

"இது என்னாம்மா?"

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்னாடி, நேரத்தோட வந்துட்ட?"

வடை விற்கிறவர்தான் மிச்சத்தைச் சொன்னார். "ஒங்களுக்குத் தெரியாதா தங்கச்சி? அம்மா எப்பவும் இங்கதான் மாத்துவாங்க. தொடைக்க நாந்தான் பேப்பர் குடுக்குறேன்."

லயத்து வளைவு தாண்டியதும் கழற்றிப் பையில் போட்டு, கல்லும் சேறுமான அந்த ரோடு முழுவதும் வெறுங்காலில் இறங்கி வந்து, ஸ்டேஷனில் மாட்டிக்கொள்வாராம். திரும்பும்போதும் அப்படியே. செருப்பாவது போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "அப்பறம் அதுக்கு ஒரு பை தூக்கணுமேடி" என்றார். அங்கேயே குனிந்து இரண்டு பாதங்களையும் தூக்கிப் பார்த்தேன். கடவுள் புண்ணியம், காயம் இல்லை.

அவரைப் போகவிடாமல் வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு, ஏற்றம் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். "காலுக்குச் சப்பாத்தா, சப்பாத்துக்குக் காலா? வெரல வெட்டினதுக்கு அப்பறம் எதுல மாட்டப் போறீங்க?" அம்மா பாட்டுக்கு முன்னால் நடந்தார். வாசல் படியில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"தீவாளிக்குத் துணி எடுத்தாலும் இருக்கறதுல ஒண்ணத்தான் எடுப்போம். எனக்குன்னு அளவெடுத்து, நானே பாத்துப் பாத்துச் செஞ்சது இது ஒண்ணுதாண்டி. கொண்டுபோயி சேத்துல வைக்க மனசு வரல. இது போனா போனதுதானே?"

திட்டுவதற்கு மிச்சம் வைத்திருந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. போனை எடுத்து அந்தத் தளத்தைத் திறந்தேன். நாங்கள் செய்த சப்பாத்து அங்கே சேமிப்பில் அப்படியே இருந்தது.

"இது இன்னும் இருக்கா?" என்றார் அம்மா.

"இருக்கும். பழையது கிழிஞ்சா இத அமத்தினாப் போதும். இதே மஞ்சள், இதே கரை, இதே அளவுல இன்னொண்ணு வரும்."

"எத்தன தடவ?"

"எத்தன தடவ வேணும்னாலும்."

அம்மா முதல்முறையாகத் தன் விரலை நீட்டித் திரையில் வைத்து, சப்பாத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அப்பச் சரி" என்றார்.

மறுநாள் காலை, வாசலுக்கு முன்னால் தேங்கியிருந்த சேற்றில் அவர் வேண்டுமென்றே ஒரு கால் வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தீ மிதிக்க இறங்குகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு வைத்தார். பிறகு மற்றக் காலையும் வைத்தார்.

மழைக்காலம் வந்தது. லயத்துக்கு மேலே உள்ள மலையில் கவ்வாத்து நடந்தது. தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டிவிடுகிற வேலை அது. வெட்டிய குச்சிகளை மிலாறு என்போம். அடுப்புக்கு நல்ல விறகு. அம்மா தினமும் போய் ஒரு கட்டுக் கொண்டு வந்தார், சப்பாத்தோடு. மஞ்சள், மண் நிறமாகிவிட்டது. கரை எது, உடம்பு எது என்று தெரியவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சப்பாத்துகளைக் கழுவ எடுத்துக்கொண்டு, மலைத் தண்ணீர் வந்து விழும் பீலிக்குப் போனேன். குழாயில் கொட்டும் தண்ணீரில் பிடித்து அடிப்பாகத்தைத் தேய்த்தபோது பிரஷ் எதிலோ மாட்டியது. மிலாறு ஒன்று. சாய்வாக வெட்டுப்பட்டு ஊசியாக இருந்த முனை அடிப்பாகத்துக்குள் ஏறி, வெளியே முறிந்திருந்தது. பல்லைக் கடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தேன். என் சின்னவிரலில் பாதி நீளம் இருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினேன். மறுபடி தடவினேன். முனை உள்பக்கம் வரை வரவில்லை.

ஒற்றைச் சப்பாத்தோடு ஈரக் கையோடு வீட்டுக்குள் ஓடினேன். அம்மா வெள்ளைப்பூடு உரித்துக்கொண்டிருந்தார். குச்சியைக் காட்டினேன். "அட, இது எப்ப ஏறிச்சு?" என்றார். தரையில் உட்கார்ந்து அவர் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விரல் இடுக்கு, குதிகால், பக்கவாட்டு எல்லாம் பார்த்தேன். பிறகு மற்றக் காலையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"என்னாடி, பொண்ணு பாக்க வந்தவ மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குற?"

எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினேன். அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கூசுதாம்மா?" என்றேன், ஒரு நிமிடம் நிஜமாகவே நம்பி.

"இல்லடி" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ சிரிக்கிற, அதான்."