கடைக்கு இடப்பக்கம் மூன்றாவது சந்து

துபாய் சத்வாவில் தெரு எண் சொல்லி யாரும் வழி கேட்டு நான் பார்த்ததில்லை. எண் பலகை இருக்கிறது. நாங்கள்தான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "பள்ளிவாசலுக்குப் பின்னாடி", "ரொட்டி சுடுற கடைக்கு எதிர்த்தாப்ல", இதுதான் எங்கள் விலாசம். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்களே, அந்த ரகம். முப்பது வருடமாக மளிகைக்கடை வைத்திருப்பதால் இடித்த கட்டடம், இருக்கிற கட்டடம் எதைப் பற்றிக் கேட்டாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து கடை திறந்ததும் ஒரு பெண் வந்தாள். ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருப்பவள். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் எங்கள் கடற்கரைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"காக்கா, எங்க வாப்பா ஊர்ல மௌத்தாகி ஒரு மாசம் ஆச்சு. முந்தி இங்கதான் பதினெட்டு வருஷம் இருந்தாங்க. உம்மா இத்தாவுல வீட்டோட இருக்காங்க. அவுக இருந்த ரூமைக் கண்ணால ஒரு தடவ காட்டுன்னு அழுவுறாங்க."

இத்தா என்பது கணவன் இறந்தபின் மனைவி வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கும் நான்கு மாதம் பத்து நாள். வாப்பா எழுதிய பழைய கடிதம் ஒன்றை நீட்டினாள். எங்கள் கடையின் பெயரைப் போட்டு, 'கடை வாசலில் இருந்து இடப்பக்கம் மூன்றாவது சந்து, கடைசி வீடு, ஜன்னலைத் திறந்தால் பள்ளிவாசல் மினாரா' என்று எழுதியிருந்தார். என் கடையே அடையாளமாக இருக்கும்போது வேறு என்ன வேண்டும்? பக்கத்து டீக்கடை நாகர்கோவில்காரரிடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாவது சந்து, கடைசி வீடு. வாசலில் யாருடைய சட்டைகளோ காய்ந்துகொண்டிருந்தன. "இதுதான் தங்கச்சி, சந்தேகமே வேணாம்" என்றேன். அவள் உம்மாவுக்கு வீடியோ போட்டாள். இத்தாவில் அந்நிய ஆண் முன் வரமாட்டார்கள் அல்லவா, திரையில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றியது.

"மினாரா எங்க?" என்றது உம்மாவின் குரல்.

சுற்றிப் பார்த்தேன். பள்ளிவாசல் கோபுரம் எங்கும் தெரியவில்லை.

"பள்ளிய இடிச்சுட்டாங்களா?"

"இல்லம்மா, அங்கேயேதான் இருக்கு" என்று கையை நீட்டினேன். கை எனக்குப் பின்பக்கம் போனது. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கமல்லவா பள்ளி இருக்கிறது?

திரும்பி வந்து சொன்னதும் டீக்கடைக்காரர் சிரித்தார். "ஓய் பாய், கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டுனானாம்! ஒம்ம கட ரோட்டத் தாண்டி இங்க வந்து பத்து வருசந்தான ஆவுது?"

அதே பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டியவன் நான்தான். பலகை கூடவே வந்ததில், நான் இடம் மாறியதே எனக்கு மறந்துபோயிருந்தது. இத்தனை வருடமாக எத்தனை பேரைத் தப்பாக அனுப்பியிருப்பேனோ.

கடைகளைச் சாத்திவிட்டு மூவருமாக ரோட்டைத் தாண்டினோம். பழைய வாசல் இருந்த இடத்தில் ஒரு மொபைல் கடையும் ஒரு சலூனும். எது என் வாசல்? நான் ஒன்றிலிருந்து சந்துகளை எண்ணினேன், அவர் மற்றொன்றிலிருந்து எண்ணினார். நடுவில் இருந்த ஒரு சந்து கார் பார்க்கிங்குக்குள் மறைந்திருந்தது. அதைச் சேர்ப்பதா விடுவதா? எப்படி எண்ணினாலும் கடைசியில் வேலி போட்ட வெற்று மணல்தான் வந்தது. ஆனால் மினாரா தெரிந்தது.

அவள் போனை உயர்த்திப் பிடித்தாள்.

"தெரியுது" என்றார் உம்மா. "ஜன்னல் எந்தப் பக்கம் இருந்திருக்கும்?"

நான் ஒரு மூலையைக் காட்டினேன். டீக்கடைக்காரர் எதிர் மூலையைக் காட்டினார்.

"தம்பி, ஒங்க கடையிலதான் அவுக சாமான் வாங்குவாக. ஒங்களுக்கு அவுகள நெனவு இருக்கா?"

மகள் தன் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். ஒல்லி முகம், மெல்லிய மீசை. அந்த நாளில் என் கடைக்கு வந்த பாதிப் பேருக்கு அதே முகம். ஆமா என்று சொல்லிவிட்டால் அந்த அம்மாவுக்கு ஆறுதல். ஆனால் மத்தியானத்திலிருந்து நிச்சயமாகச் சொன்ன எதுவும் சரியாக இருக்கவில்லையே.

"நெனவு இல்லம்மா" என்றேன்.

"அதனால என்ன. அவுக யார்ட்டயும் அதிகம் பேசமாட்டாக." பிறகு மகளிடம் சொன்னார்: "உள்ள போ புள்ள. எந்த மூலன்னு தெரியாட்டி எல்லா மூலயிலயும் நடந்து காட்டு."

வேலியில் ஒரு இடைவெளி இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, போனைத் தரையை நோக்கிப் பிடித்தபடி உள்ளே நடக்க ஆரம்பித்தாள்.