ஒரு நூல், ஐந்து அடி

இருபத்தாறு வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தினேன். வருடத்துக்கு இரண்டு பிரிவு. அப்படியானால் வரைபட அளவையை ஐம்பத்திரண்டு முறை கரும்பலகையில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே எச்சரிக்கைதான். படத்தைச் சுருக்கி நகலெடுத்தால், 'ஓர் அங்குலம் நாற்பது அடி' என்று எழுதியிருப்பது பொய்யாகிவிடும். கீழே வரைந்துள்ள கோட்டு அளவை மட்டும் படத்தோடு சேர்ந்து சுருங்கும். அதை வைத்து அளக்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் கோவில்பதாகையில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினேன். பக்கத்து மனைக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஃபிட்டர். எனக்கு நான்கு வருடம் முன்பே வீடு கட்டி, நடுவில் சுவர் வைத்து, சுவரை ஒட்டித் தம் பக்கம் அடிபம்பும் போட்டிருந்தார். எங்கள் எல்லைக்கல் சுவருக்கடியில் போய்விட்டது. பிளானில் பக்க அளவுகள் கிடையாது. மனை எண்களும், 'ஓர் அங்குலம் நாற்பது அடி' என்ற அளவையும்தான்.

என் ஜெராக்ஸ் பிரதியில் இரும்பு ஸ்கேலை வைத்தேன். தெருமுனைக் கல்லிலிருந்து எங்கள் எல்லைக்கு இரண்டு அங்குலம் மூன்று நூல். அங்குலத்துக்கு எட்டு நூல். அதாவது தொண்ணூற்றைந்து அடி. தரையில் டேப் பிடித்தால் அவர் சுவர் நூறாவது அடியில் நின்றது.

"உங்க சுவர் என் மனைக்குள்ள அஞ்சு அடி இருக்கு" என்றேன்.

"இன்னா சார் சொல்றீங்க? கல்லப் பாத்துத்தான வச்சேன்."

"கல்லு நகரும். கணக்கு நகராது."

பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலில் நின்ற மனைவியிடம், "வாத்தியாரே அளந்துகினு வந்துட்டாரு. நாம இன்னாத்த பேசுறது?" என்றார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அவரே கடப்பாரை எடுத்தார். மூன்று மணி நேரத்தில் சுவர் கீழே கிடந்தது. ஐந்து அடி தள்ளிப் புதுச்சுவர் எழுந்தபோது அடிபம்பு என் பக்கம் வந்துவிட்டது. அந்த அம்மாள் தெருமுனைப் பம்புக்கு நடந்தார். காலையில் பதினான்கு குடம். என் சன்னலிலிருந்து எண்ணினேன். இங்கே வந்து அடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு அளவைக் கேள்வியைப் போட்டிருந்தேன். நாற்பத்து மூன்று விடைத்தாள்கள். எல்லாவற்றிலும் என் வாக்கியமே வரிமாறாமல் இருந்தது. 'கோட்டு அளவை படத்தோடு சேர்ந்து சுருங்கும்.' முப்பத்தோராவது தாளில் பேனா நின்றது. பிளானை நகலெடுத்த அன்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது: "கொஞ்சம் சின்னதா எடுத்தாத்தான் ஓரமும் பேப்பர்ல விழும் சார்." நான் தலையாட்டியிருந்தேன்.

பிளானை எடுத்தேன். அடியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக இருநூறு அடிக்குக் கோட்டு அளவை இருந்தது. ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். நாலே முக்கால்தான் இருந்தது. எங்கள் எல்லை அதில் பாதித் தூரம், அங்கே ஒரு நூல் குறைவு. ஒரு நூல் என்றால் ஐந்து அடி. பழைய சுவர் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தது.

எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் மறுபடி அளந்திருப்பேன். இப்படி நினைத்தே பதினொரு நாள் ஓட்டினேன். பன்னிரண்டாம் நாள் போய்ச் சொன்னேன். சுவரை என் செலவில் பழைய இடத்தில் வைத்துத் தருகிறேன், அதுவரை பம்பில் வந்து அடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சொவரு கட்டுறப்போ கட்டுங்க சார். பைப்புக்கு வர்ல. எங்க ஊட்டம்மாவுக்கு நடந்து பயகிப்போச்சு. நீங்க சன்னலாண்ட குந்திகினு எண்ணுங்க."

மறுநாள் விடிந்ததும் சன்னலைச் சாத்தினேன். ஆனாலும் அவர் வீட்டு முற்றத்தில் குடம் இறக்கும் சத்தம் கேட்டது. எண்ணிக்கை தானாக ஓடியது. பதினான்கு.